பழைய பள்ளிக்கூடத்தில் உங்கள் பெயர் இருக்கும் அந்த ஒரு வரி: பதிவேட்டைக் கேட்டு வாங்குவது எப்படி

என் அத்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம், கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அத்தை வீட்டிலேயே பிறந்தவர், பிறப்புச் சான்றிதழ் கிடையாது, ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் அச்சாகியிருந்தது, படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. "அஞ்சாங்கிளாஸ் படிச்சவளுக்கு எவன்பா ரெக்கார்டு வச்சிருப்பான்" என்று சொல்லிக்கொண்டேதான் கூட வந்தார். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமை ஆசிரியை பீரோவின் அடித்தட்டிலிருந்து ஓரம் அரித்துப்போன நீளமான பதிவேடு ஒன்றை எடுத்து, தூசியைத் துணியால் துடைத்து, 1967 ஜூன் என்று போட்ட பக்கத்துக்கு வந்தார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினார். இருந்தது. அத்தையின் பெயர், தாத்தாவின் பெயர், தொழில் விவசாயம், பிறந்த தேதி, ஓரத்தில் "இடது முழங்கையில் மச்சம்". அத்தை சட்டென்று கையைத் திருப்பி முழங்கையைப் பார்த்தார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

அந்தப் பதிவேட்டின் பெயர் சேர்க்கை நீக்கப் பதிவேடு. உங்கள் பள்ளி வாழ்க்கைக்கு நிரந்தரமான சாட்சி அதுதான். டிசி எனும் மாற்றுச் சான்றிதழ், படிப்புச் சான்று, தமிழ்வழிச் சான்று எல்லாமே அந்த ஒரு வரியைப் பார்த்து எழுதப்படுபவை. வருகைப் பதிவேடு, ரேங்க் கார்டு, வகுப்புத் தேர்வு மதிப்பெண் பட்டியல் இவையெல்லாம் சில வருடங்களில் கழித்துக் கட்டப்பட்டுவிடும், சேர்க்கைப் பதிவேட்டைக் கழிக்க மாட்டார்கள். அதனால் பள்ளிக்குப் போய் "என் ரெக்கார்டு எதாவது இருக்கா சார்" என்று கேட்காதீர்கள். "சேர்க்கைப் பதிவேட்டில் என் பதிவைப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். கேட்கிற விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பலரும் இதில்தான் வீணாக அலைகிறார்கள். பள்ளியிடம் இருப்பது வேறு, தேர்வுத்துறையிடம் இருப்பது வேறு. பள்ளியில் சேர்ந்தது, விலகியது, எந்த வகுப்பு வரை, எந்த மொழிவழி, பிறந்த தேதி, நன்னடத்தை இவற்றுக்குத் தலைமை ஆசிரியர்தான் பொறுப்பு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் பள்ளி வழியாக உங்கள் கைக்கு வந்திருந்தாலும் அதைக் கொடுத்தது அரசுத் தேர்வுகள் இயக்ககம், அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில். வேறு மாநிலத்திலோ வேறு வாரியத்திலோ சேர இடப்பெயர்வுச் சான்றிதழ் கேட்டால் அதுவும் தேர்வுத்துறை வேலைதான். 1978-இல் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன் படித்தவர்கள் பதினொன்று வரை படித்து எஸ்எஸ்எல்சி எழுதிவிட்டுக் கல்லூரியில் பியூசி எனும் புகுமுக வகுப்பு படித்திருப்பார்கள், அந்தப் பியூசிக்குப் பள்ளியிலும் தேடக்கூடாது, தேர்வுத்துறையிலும் தேடக்கூடாது, பல்கலைக்கழகத்தைத்தான் கேட்க வேண்டும். சிபிஎஸ்இ-இல் படித்தவர்களுக்கு நகல் மதிப்பெண் சான்றிதழ் வாரியத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது.

முப்பது நாற்பது வருடத்துப் பதிவு இப்போது எதற்கு என்று நினைக்கலாம். பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும் என்ற பாஸ்போர்ட் விதி 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான். அதற்கு முன் பிறந்த நமக்கெல்லாம் பள்ளி டிசியும் எஸ்எஸ்எல்சி சான்றிதழும் இன்னும் செல்லும். அரசு வேலைக்குத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததைக் காட்ட வேண்டும். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எங்கே படித்தார்கள் என்பது முக்கியம். டிஎன்பிஎஸ்சி தேர்வில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் படித்த பள்ளியின் சான்று கைக்கு வராமல், பதிவேற்றக் கடைசி நாளை எண்ணிக்கொண்டு தவித்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அந்தத் தவிப்பு தேவையே இல்லாதது. அறிவிப்பு வரும் முன்பே, இன்றைக்கே வாங்கி வைத்துவிடலாம்.

போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

பதிவேட்டில் தேடுவது பெயரை வைத்து அல்ல, வருடத்தையும் சேர்க்கை எண்ணையும் வைத்து. மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் வருவதற்கு முன் படித்தவர்களின் விவரம் கணினியில் தட்டினால் வராது, யாராவது ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அந்த ஒருவருக்கு நீங்கள் எவ்வளவு வேலையைக் குறைத்துக் கொடுக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் உங்கள் காரியம் நடக்கும். எந்த வருடம், எந்த வகுப்பில் சேர்ந்தீர்கள், எந்த வருடம் விலகினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வருடம் சரியாக நினைவில்லை என்றால் பத்தாம் வகுப்பு எழுதிய வருடத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், இடையில் ஒரு வகுப்பில் இரண்டு வருடம் இருந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயர். இப்போதைய பெயர் அல்ல, அப்போது பள்ளியில் சொன்ன பெயர். வீட்டில் கூப்பிட்ட பெயரையே சேர்க்கும்போது கொடுத்திருக்கலாம், இனிஷியல் தாத்தா பெயருக்கு இருந்திருக்கலாம், கல்யாணத்துக்குப் பிறகு மாறியிருக்கலாம். அப்பா பெயரையும் ஊர், தெருப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒரே வருடத்தில் நான்கு செல்விகள் இருக்கும் பக்கத்தில் அது உதவும். அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படித்திருந்து அவர்கள் டிசியின் ஜெராக்ஸ் கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள், அதில் உள்ள சேர்க்கை எண்ணிலிருந்து உங்கள் எண் எந்தப் பக்கத்தில் வரும் என்று ஓரளவு கணிக்கலாம். நீங்கள் அடுத்துச் சேர்ந்த பள்ளியிலும் ஒரு வழி இருக்கிறது. அங்கே சேரும்போது பழைய டிசியைக் கொடுத்திருப்பீர்கள், முந்தைய பள்ளியின் பெயர் அங்குள்ள பதிவேட்டில் ஏறியிருக்கும், டிசியே கோப்பில் கிடக்கவும் கூடும்.

பிறந்த தேதி வேறாக இருந்தால் பதறாதீர்கள். அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டால் வயதாகிவிட்டது என்று சேர்த்துக்கொண்டார்கள். ஜூனில் ஐந்து வயது நிறைந்திருக்கும்படி ஒரு தேதியை வாத்தியாரே போட்டுக்கொண்டதும் உண்டு. ஒரே வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்திருப்பது இப்படித்தான். ஆனால் ஒன்று, உங்கள் மற்ற ஆவணங்களில் எந்தத் தேதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்றால் டிசி எழுதும் முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பதிவேட்டில் உள்ளதைத்தான் அவர் எழுத முடியும், மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

போகிற நேரமும் முக்கியம். ஜூனில் சேர்க்கை, மார்ச் ஏப்ரலில் பொதுத்தேர்வு, அப்போது போனால் நல்ல தலைமை ஆசிரியர்கூட "அப்புறம் வாங்க" என்றுதான் சொல்வார். ஆகஸ்ட், செப்டம்பர், நவம்பர் நல்ல மாதங்கள். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் எழுத்தர் கிடையாது, தலைமை ஆசிரியரே வகுப்பும் எடுத்துக்கொண்டிருப்பார், அதனால் இடைவேளையை ஒட்டிப் போங்கள்.

கடிதம் எழுதியே கொடுங்கள்

வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகத்தான் பதில் வரும். வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். அனுப்புநர், பெறுநர் எழுதிவிட்டு இப்படிப் போகலாம்:

"பொருள்: சேர்க்கைப் பதிவேட்டு விவரத்தின் அடிப்படையில் மாற்றுச் சான்றிதழ் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா/அம்மா, நான் தங்கள் பள்ளியில் 1984 ஜூன் முதல் 1989 ஏப்ரல் வரை ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பள்ளியில் என் பெயர் ... , தந்தை பெயர் ... , அப்போதைய முகவரி ... . என் மாற்றுச் சான்றிதழ் தொலைந்துவிட்டதால் / இதுவரை பெறப்படாததால், அதனை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடையாளச் சான்றின் நகலை இணைத்துள்ளேன்."

தேதி, கையொப்பம், போன் நம்பர். முடிந்தது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பலாம், ஆனால் என் அனுபவத்தில் ஒரு ஒப்புதல் கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் கொடுத்து உறவுக்காரர் ஒருவரை நேரில் அனுப்புவதுதான் பலன் தரும்.

கடிதத்தில் "தொலைந்துவிட்டது" என்பதற்கும் "பெறப்படவில்லை" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தொலைந்தது என்றால் நீங்கள் கேட்பது இரண்டாம்படி, அதாவது டூப்ளிகேட், பெரும்பாலும் போலீஸ் சான்று கேட்பார்கள். அத்தையைப் போல ஐந்தாவதோடு நின்று டிசியே வாங்காமல் விட்டவர்களுக்கு அது முதல் டிசி. பதிவேட்டின் நீக்கப் பகுதியில் டிசி எண் எழுதப்படாமல் காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பழைய டிசிப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் பார்க்கச் சொல்லலாம். காலியாக இருந்தால் தொலைந்ததற்கான சான்று எதற்கு? நாங்கள் போனபோது தலைமை ஆசிரியை முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார், அந்தக் காலியான கட்டத்தைக் காட்டிய பிறகு அவரே சிரித்துவிட்டு டிசி எழுத உட்கார்ந்தார்.

தமிழ்வழிச் சான்றுக்குப் போகிறவர்கள் வெறும் படிப்புச் சான்று வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். டிஎன்பிஎஸ்சி தளத்தில் அதற்கென்று படிவம் இருக்கிறது, அதை அச்செடுத்துப் போங்கள். எத்தனை பள்ளி மாறினீர்களோ அத்தனை பள்ளியிலும் வாங்க வேண்டும், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்பது ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். இ-சேவை வழியாகவும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த விண்ணப்பத்துக்கும் யாரோ ஒருவர் அதே பதிவேட்டைத் திறந்துதான் பதில் சொல்லியாக வேண்டும், அதனால் ஆன்லைனில் போட்டாலும் பள்ளிக்கு ஒரு நடை போய் வருடத்தைச் சொல்லிவிட்டு வருவது நல்லது.

மதிப்பெண் சான்றிதழ் தொலைந்தால்

முதலில் அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரைப் பாருங்கள். தேர்வுத்துறையின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்கள் அங்கே கிடைக்கின்றன, சமீப வருடங்களில் எழுதியவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும். பழையது என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததைப் பதிவு செய்யுங்கள், அதை வைத்துக்கொண்டு இரண்டாம்படி மதிப்பெண் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவெண், தேர்வு எழுதிய மாதம், வருடம் மூன்றும் சரியாக வேண்டும். மாதம் ஏனென்றால் மார்ச்சில் எழுதியதும் தவறிய பாடத்தைத் திரும்ப எழுதியதும் வேறு வேறு பதிவெண். பதிவெண் மறந்துவிட்டால் பள்ளியில் அந்த வருடத்து மதிப்பெண் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். சமச்சீர்க் கல்வி வருவதற்கு முன் எழுதியவர்கள் எஸ்எஸ்எல்சியா, மெட்ரிகுலேஷனா, ஆங்கிலோ இந்தியனா, ஓரியண்டல் பள்ளிகளின் ஓஎஸ்எல்சியா என்பதையும் எழுத மறக்க வேண்டாம், நான்கும் தனித்தனித் தேர்வுகள். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் சான்றிதழ் அசல்தானா என்று சரிபார்ப்பதற்குப் பெயர் உண்மைத்தன்மைச் சான்று, அதையும் தருவது தேர்வுத்துறைதான்.

வெள்ளத்தில் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலும் கடலூரிலும் சான்றிதழ்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம் நடத்தியது. இப்படி எதாவது நடந்தால் முகாம் அறிவிப்பைக் கவனியுங்கள், தனியாக அலைவதைவிட அங்கே எளிதாக முடியும்.

பள்ளியே இல்லை என்றால்

மூடிய பள்ளியின் பதிவேடுகள் கல்வி அலுவலகத்துக்கோ பக்கத்துப் பள்ளிக்கோ போயிருக்கும். தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரைக் கேளுங்கள், தனியார் பள்ளி என்றால் மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். தரம் உயர்ந்த பள்ளிகளில்தான் குழப்பம் அதிகம். நடுநிலைப் பள்ளியை உயர்நிலையாக்கும்போது ஒன்று முதல் ஐந்து வரை தனியாகத் தொடக்கப் பள்ளியாகப் பிரிப்பார்கள், பழைய பதிவேடு இரண்டில் எந்தக் கட்டடத்தில் தங்கியது என்பது அந்தந்த ஊர்க் கதை. இரண்டிலும் கேளுங்கள். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, அடுத்த வருடம் மயிலாடுதுறை எனப் புது மாவட்டங்கள் பிரிந்தன. அங்கே படித்தவர்கள் பழைய மாவட்டத் தலைநகரிலும் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டியிருக்கும்.

தரமாட்டேன் என்றால்

கட்டண பாக்கி இருக்கிறது, டிசி தரமுடியாது என்று ஒரு தனியார் பள்ளியில் என் நண்பர் ஒருவரின் பெண்ணை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்தக் குழந்தை செய்த தவறு என்ன? 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, டிசி கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி பற்றி எழுதவும் கூடாது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழி இருக்கிறது. அதேபோல 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 5-ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு வரையிலான படிப்பில், பள்ளி மாறும்போது தலைமை ஆசிரியர் உடனே டிசி தர வேண்டும் என்கிறது, டிசி தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. எழுத்தில் கேட்டும் தராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் புகார் எழுதுங்கள், முத்திரை வாங்கிய அந்தப் பிரதியை இணைத்து.

அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதிலே வராமல் இழுத்தால் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், "இந்த வருடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயர் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்" என்று கேளுங்கள், உங்கள் அடையாள நகலையும் வையுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிவேடு இல்லை என்று பதில் வந்தால் அதுவும் வீணல்ல, எழுத்தில் வந்த அந்தப் பதிலை வைத்துத்தான் அடுத்த அலுவலகத்தில் பேச முடியும்.

கைக்கு வந்ததும் பள்ளி வாசலைத் தாண்டும் முன் படித்துப் பாருங்கள். பெயரில் ஒற்று, இனிஷியல், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா, முத்திரை, தேதி. பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பில் இருந்தால், பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது சரிபார்க்கச் சொல்லிப் பள்ளியில் காட்டுவார்கள், அதில் கையெழுத்துப் போடும் முன் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு விண்ணப்பத்தில் திருத்திவிடலாம், சான்றிதழ் அச்சாகி வந்தபின் அதே திருத்தத்துக்கு வருடக்கணக்கில் அலைய நேரும்.

அத்தையின் டிசியை ஸ்கேன் செய்து சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகளுக்கு, என் அக்காவுக்கு, அனுப்பினேன், லேமினேட் மட்டும் செய்யவில்லை, பின்னால் முத்திரை வைக்க இடம் வேண்டும். ஜெராக்ஸ் ஒன்றின் பின்பக்கம் பதிவேட்டின் வருடம், பக்க எண், சேர்க்கை எண் மூன்றையும் பேனாவால் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் கவரில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த தடவை யார் போய்க் கேட்டாலும் அந்தப் பக்கம் இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிடும்.